உதவியும் ஒரு கல்வியே

மாணவனொருவன் பல நாள் வகுப்புக்கு வாராதிருந்தான். வந்த அன்று, காரணம் வினவாமலே கடிந்துகொண்டேன். அவனுடைய தாயார் நோயுற்றிருந்ததைப் பின்னரே அறிந்தேன். அந்த வெட்கம் என் நெஞ்சை விட்டகலாத நாட்களிலேதான் மேரி றிச்மண்ட் அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன்.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1861இல் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பால்ட்டிமோர் நகரில் பாட்டியாரிடம் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு 16 வயதுடன் முடிந்தது; கணக்கெழுதிப் பிழைத்தார். 1889இல் அந்நகரின் தரும சங்கத்தில் துணைப் பொருளாளராகச் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் பொதுச் செயலாளரானார்.

அந்நாளில் ஏழையின் இல்லம் புகுந்த நல்லோர் பலர், கண்டதும் கொடுத்தனர். அன்றேல் கண்டதும் குறை கூறினர். இரக்கம் மட்டும் போதாது, வைத்தியர் போல முதலில் ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பதை அம்மையார் உணர்ந்தார். இத்தொண்டுக்குப் பயிற்சிப் பள்ளி வேண்டுமென 1897இல் வாதாடினார். மறு ஆண்டே நியூயோர்க்கில் கோடைகால வகுப்புத் தொடங்கியது.

1917இல் அவர் வெளியிட்ட பெருநூல், சமூகத் துன்பங்களை ஆய்ந்தறியும் முறையை வகுத்தது. துன்புற்றவர் சொல்வதை ஆறுதலாகக் கேட்டல், குடும்பத்தாரையும் உறவினரையும் அயலவரையும் வைத்தியரையும் உசாவுதல், அறிந்தவற்றை ஒப்புநோக்குதல், அதன் பின்னரே வழி காணல். பாடசாலைக்கும் அந்நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு பிள்ளையின் வீட்டுத் துன்பம் ஆசிரியனுக்கும் தெரிந்திருக்கக்கூடும் என்று அவர் நம்பினார். அவ்விடத்தில் நான் நூலை மூடிவிட்டேன்.

அம்மையார் 1928இல் மறைந்தார். நான் இப்பொழுதெல்லாம் முதலில் வினவுகிறேன், பின்னரே பேசுகிறேன்.