ரோஜா முத்தையா செட்டியார்

செட்டிநாட்டுக் கோட்டையூரிலே பெயர்ப்பலகை எழுதும் ஓவியராய் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். பழம் புத்தகங்களோடு, பிறர் குப்பையென்று எறிந்த நாடக நோட்டீசுகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்தார். நூலும் இதழுமாக அத்தொகுதி ஏறக்குறைய 1,00,000 ஆயிற்று. 1992ஆம் ஆண்டில் அவர் காலமானார். சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அதனை விலைக்குப் பெற்றனர். எனினும் அது கடல் கடந்து போகவில்லை. 1994இல் சென்னையிலே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாய் நிலைபெற்றது.

எந்நாளில், எக்கொட்டகையில், எக்கம்பெனியார், என்ன கட்டணத்துக்கு ஆடினர் என்பதை ஒரு சிறு நோட்டீசு சொல்லும். பெரிய சரித்திர நூல்கள் சொல்லா. சென்ற விடுமுறையில் பெரம்பலூரில் எம் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது, அத்தகைய கட்டொன்றை யாமே அடுப்பிலிட்டோம். இவர் வரலாறு அறிந்தபின் நெஞ்சம் நோகின்றது. பெரம்பலூர், அரியலூர் மாணவர்காள்! எஞ்சியவற்றையேனும் நாம் காப்போமாக.