காலைக் காத்த கம்பி

நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், வயதின் கோளாறு என்று நாம் வாளாவிருந்து விடுகிறோம். என் பெரியப்பா விஷயத்தில் நாங்கள் செய்த பிழை அதுதான். சிறிது தூரம் நடப்பார், வலியால் நிற்பார், வலி தீர்ந்ததும் மீண்டும் நடப்பார். பீடியை மட்டும் விடவில்லை. கால் விரல்கள் கறுத்த பிறகே மருத்துவமனைக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் இப்பல்கலைக் கழகத்தில் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அடைபட்ட இரத்தக் குழாயை அறுக்காமல் திறக்க வழியில்லையா என்று நூல்நிலையத்தில் தேடினேன். சார்லஸ் டாட்டர் என்னும் பெருமகன் எனக்கு அறிமுகமானது அவ்வாறுதான்.

அன்னார் 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். 1952இல், தம் முப்பத்திரண்டாம் வயதிலேயே, ஆரிகன் மருத்துவக் கல்லூரியின் எக்ஸ்ரே துறைக்குத் தலைவரானார். அக்காலத்தில் அத்துறையினரின் வேலை, நோயைப் படம் பிடித்துக் காட்டுவதோடு முடிந்துவிடும். அதற்குமேல் அறுவை மருத்துவர் பாடு. டாட்டருக்கு இது போதவில்லை.

1963இல் ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக அவர் செலுத்திய மெல்லிய குழாய், அடைபட்டிருந்த ஓர் இரத்தக் குழாயைத் தற்செயலாகத் துளைத்துச் சென்றுவிட்டது. பார்த்தால், அடைப்புத் திறந்திருந்தது! தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று அவர் சிந்திக்கலானார்.

வாய்ப்பு 1964 ஜனவரி 16ஆம் நாள் வந்தது. எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவருக்கு இடது கால் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள்; அவர் இணங்கவில்லை. டாட்டர் தொடையின் இரத்தக் குழாயில் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து, அடைப்பைக் கடக்கச் செய்தார். அக்கம்பியின் மேல் ஒரு டெஃப்லான் குழாயையும், அதன்மேல் அதனினும் பருத்த இன்னொன்றையும் செலுத்தி வழியை அகலமாக்கினார். குளிர்ந்து கிடந்த பாதத்தில் வெதுவெதுப்பு ஏறியது. அம்மூதாட்டி பின்னர் வேறு நோயால் மறையும்வரை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், தம் இரு கால்களாலேயே நடந்தார்.

உலகம் உடனே பாராட்டிவிடவில்லை. சொந்த நாட்டு அறுவை மருத்துவர் பலர் அவரைப் பித்தர் என்று எள்ளினர். ஐரோப்பிய மருத்துவர்களோ அம்முறையைக் கைக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான குருன்ட்சிக், 1974இல் குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தினார். 1977இல் அதே வழியில் இதயத்தின் இரத்தக் குழாயையும் திறந்தார். இரத்தக் குழாய் மீண்டும் சுருங்காமல் தாங்க, கம்பிச் சுருளை உள்ளே வைக்கலாம் என்பதை டாட்டர் 1969லேயே நாய்களிடம் சோதித்துக் காட்டியிருந்தார். இன்றைய ஸ்டென்டுக்கு முன்னோடி அது. மலையேறுவதில் பெருவிருப்புக் கொண்டிருந்த அவர், 1985இல் மறைந்தார்.

சென்ற விடுமுறையில் என் தந்தையாருடன் கோயிலுக்கு நடந்தேன். குளத்தங்கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார்கள். தொடக்க நிலைதான், கம்பிக்கு இப்போது வேலையில்லை. மருந்தும், நாள்தோறும் நடையும், பீடிக்கு முழுக்கும் போதுமென்றார்கள். மூன்றாவதுதான் அப்பாவுக்குக் கடினமாக இருக்கிறது.

தோழர்களே, விடுமுறையில் ஊர் சென்றால் வீட்டுப் பெரியவர்களோடு சற்று நடந்து பாருங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.