திசு கண்ட பிஷா

பாரிஸ் மாநகரின் நடுவே சேன் ஆறு ஓடுகிறது. ஆற்றின் நடுவே ஒரு தீவு. அத்தீவில், நோத்ர தாம் பெருங்கோயிலுக்கு அருகே, ஒட்டேல் தியூ என்னும் மருத்துவமனை பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. ஏழைகளும் ஆதரவற்றோரும் நோயுற்றால் வந்து சேர்ந்த இடம் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அங்கே தலைமை அறுவை மருத்துவராக விளங்கியவர் தெசோ என்பவர். அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் நடந்த பாடத்தை மறுநாள் ஒரு மாணவர் எழுந்து தொகுத்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள், சொல்ல வேண்டிய மாணவர் வரவில்லை. யாரேனும் சொல்வாருண்டா என்று கேட்டபோது, ஊருக்குப் புதியவரான ஓர் இளைஞர் எழுந்தார். காறை எலும்பு முறிவைப் பற்றிய பாடம் அது. அவர் சொல்லிய தெளிவைக் கேட்டு வகுப்பு வியந்தது. செய்தி தெசோவின் காதுக்கு எட்டியது. அவர் அந்த இளைஞரைத் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்று மகனைப் போல வைத்துக்கொண்டார்.

அந்த இளைஞர்தாம் சவியே பிஷா.

நம் சங்கத்து நண்பர்களுள் பொறியியலும் இயற்பியலும் கணக்கும் பயில்வோரே மிகுதி. உயிரியல் பயில்வோர் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். எனினும் பள்ளியில் படித்த ஒரு செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். மனித உடலின் திசுக்கள் நான்கு வகைப்படும். அவை எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்பன. தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பட்டியல் அது. அதன் பின்னால் முப்பது வயதில் மாண்டுபோன ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை முதுகலை வகுப்புக்கு வந்த பிறகே நான் அறிந்தேன். அறிந்த நாள் முதல் அவரை மறக்க முடியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

பிஷா 1771ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பிரான்சின் கிழக்கே ழுரா மலைப் பக்கத்துத் துவாரெத் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், மகனுக்கு முதல் ஆசானும் அவரே. பின்னர் லியோன் நகரில் பெத்தி என்ற அறுவை மருத்துவரிடம் உடற்கூறு பயின்றார். 1793இல் லியோன் நகரம் புரட்சி அரசை எதிர்த்து எழுந்தது. அரசின் படை நகரை முற்றுகையிட்டது. படிப்பு குலைந்தது. ஊர் விட்டு ஊர் வந்து, அறிந்த முகம் ஒன்றும் இல்லாத பாரிஸில் தெசோவின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்தார். விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் நம்மில் பலரும் எப்படி இருந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் அன்று எழுந்து பேசியது எவ்வளவு பெரிய துணிவு என்பது விளங்கும்.

அந்த நல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. தெசோ 1795 ஜூன் 1ஆம் நாள் திடீரென இறந்தார். சிறையில் இருந்த சிறு வயது இளவரசனுக்கு அவர் மருத்துவம் பார்த்து வந்தார். அவனும் ஒரே வாரத்தில் இறந்தான். நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்று ஊரில் பேச்செழுந்தது. அந்த வதந்திகள் இங்கு நமக்கு வேண்டா. பிஷா என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டும். அப்போது அவருக்கு வயது 23. இதை எழுதும் எனக்கும் வயது அதுவே. ஆசிரியரின் மனைவியையும் மகனையும் காக்கும் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் பாதியில் விட்டுச் சென்ற எழுத்துகளைத் தொகுத்து, அவர் பெயராலேயே அச்சிட்டார். தமக்கெனப் புத்தகம் எழுதுவதை அதன் பின்னரே தொடங்கினார். என் வயதில் இதை நான் செய்வேனா என்று கேட்டுக்கொள்கிறேன். விடை சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

1797இல் தாமே உடற்கூறு வகுப்பு நடத்தத் தொடங்கினார். ஓய்வின்றி உழைத்ததில் இரத்தமாக இருமினார். படுக்கையில் கிடந்து, எழுந்து, மறுபடியும் பிணமறைக்குச் சென்றார்.

அவர் அங்கே தேடியது என்ன? அக்கால மருத்துவர்கள் உடலை உறுப்பு உறுப்பாக எண்ணினார்கள். இதயத்தில் நோய், வயிற்றில் நோய், நுரையீரலில் நோய் என்பார்கள். பீனெல் என்ற மருத்துவர் 1798இல் வெளியிட்ட நூலில் ஒரு புதிய குறிப்பைத் தந்திருந்தார். உடலில் வெவ்வேறு இடங்களில் இருந்தாலும், ஒரே மாதிரியான சவ்வுகளில் வரும் அழற்சிகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பது அது. பிஷா இந்த நூலிழையைப் பற்றிக்கொண்டார். நுரையீரலைப் போர்த்திய உறை, இதயத்தைப் போர்த்திய உறை, குடலைப் போர்த்திய உறை மூன்றையும் எடுத்துப் பார்த்தார். இடம் வேறு, பொருள் ஒன்றே. மூன்றும் வழவழப்பானவை, மூன்றும் மெல்லிய நீர் கசிபவை, மூன்றும் நோயுற்றால் ஒரே விதமாக நோயுறுபவை. அதே வேளையில், இதயத்தின் உறை அழற்சியுற்றுச் சீழ் கோத்திருக்க, அதன் கீழே உள்ள தசை நலமாக இருப்பதையும் கண்டார். அப்படியாயின் இதய நோய் என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் என்ன? நோய் பற்றியிருப்பது இதயம் என்ற உறுப்பை அன்று. அது நெய்யப்பட்ட துணிகளுள் ஒன்றை.

துணி என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை. பிரெஞ்சு மொழியில் திசு என்றால் நெய்யப்பட்டது என்றே பொருள். அச்சொல்தான் ஆங்கிலத்தின் வழியாக நம் பாடநூலுக்கு வந்தது. இலங்கைத் தமிழர் இதை இழையம் என்பர். மூலத்தின் பொருள் அதில் நன்றாகத் தெரிகிறது. என் பாட்டனார் சேலத்துப் பக்கம் தறி நெய்தவர். முதுமையில் கண் மங்கிய பிறகும், ஒரு துணியை விரலிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தே இன்ன நூல் என்று சொல்லிவிடுவார். ஐயம் வந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டி மோந்து பார்ப்பார். மயிர் கருகும் வாடை வந்தால் பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி.

பிஷா உடலைச் சோதித்த முறையும் ஏறக்குறைய இதுவே. அவர் நுண்ணோக்கியைத் தொடவில்லை. அக்காலத்துக் கண்ணாடி வில்லைகள் பொருளின் ஓரமெல்லாம் வண்ணம் பூசிக் காட்டும். ஒருவர் கண்டதை மற்றொருவர் காணமாட்டார். அதை நம்புவதற்கில்லை என்று ஒதுக்கிவிட்டார். கத்தியும் கையும் கண்ணுமே அவருடைய கருவிகள். ஒவ்வொரு பகுதியையும் பிரித்தெடுத்து உலர்த்தினார், கொதிக்கவைத்தார், நாட்கணக்கில் நீரில் ஊறப்போட்டு அழுகவிட்டார், அமிலத்திலும் காரத்திலும் இட்டார். தசைநாண் கொதிநீரில் வெந்து பசையாகும். மேல்தோலோ அவ்வாறு ஆகாது. எது எப்படிக் கரைகிறது, எது கரையாமல் எதிர்த்து நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். ஒரே குளிர்காலத்தில் அவர் அறுத்துப் பார்த்த உடல்கள் 600க்கு மேல் என்பர். கில்லட்டினில் தலை வெட்டப்பட்டோரின் உடல்களையும், வெட்டி முப்பது நாற்பது நிமிடங்களுக்குள் பெற்று, தசைகளில் மின்னோட்டம் செலுத்திச் சோதிக்க அரசின் இசைவு பெற்றிருந்தார். அந்த அறுநூறு பேரும் யார்? பெரும்பாலோர் அந்த மருத்துவமனையில் இறந்த ஏழை எளியவர்கள். நாம் மனப்பாடம் செய்த பட்டியலில் அவர்கள் பங்கும் உண்டு, பெயர்தான் இல்லை.

1800இல் சவ்வுகளைப் பற்றிய நூலும், வாழ்வும் சாவும் பற்றிய நூலும் வெளிவந்தன. உயிர் என்பது சாவை எதிர்த்து நிற்கும் செயல்களின் தொகுதி என்று இரண்டாம் நூலில் விளக்கினார். அறுநூறு பிணங்களுக்கு நடுவே நின்றவருக்கு வேறெப்படித் தோன்றும்? 1801இல் நான்கு தொகுதிகளாகப் பொது உடற்கூறு வெளிவந்தது. மனித உடல் 21 வகைத் திசுக்களால் ஆயது என்பது அதன் செய்தி. நரம்பில் இரண்டு, தசையில் இரண்டு, எலும்பு, குருத்தெலும்பு, நார், சளிச்சவ்வு, மேல்தோல், மயிர் என்று அந்த வரிசை செல்கிறது. வேதியியலார் சில தனிமங்களின் சேர்க்கையால் எல்லாப் பொருளையும் விளக்குவது போல, இந்தச் சில திசுக்களின் சேர்க்கையால் எல்லா உறுப்பையும் விளக்கலாம் என்று அவர் கருதினார்.

இருபத்தொன்று எவ்வாறு நான்காயிற்று? 1830ஐ ஒட்டி வண்ணப் பிழை நீங்கிய நல்ல வில்லைகள் வந்தன. 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும் உயிரணுக் கொள்கையை நிறுவினார்கள். பிஷா விரலால் பிரித்தவற்றை மற்றவர்கள் உயிரணுவின் வடிவால் சேர்த்தார்கள். எலும்பு, குருத்தெலும்பு, நார் ஆகியவற்றில் உயிரணுக்கள் விலகி விலகி இருக்க, இடையில் நிறைந்திருக்கும் பொருளே பாரம் தாங்குகிறது. ஆகவே அவை யாவும் இணைப்புத் திசு. ஓடுகின்ற குருதியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது முதலில் கேட்போருக்கு வியப்பாக இருக்கும். அங்கே இடைப்பொருள் நீர்மமாக இருக்கிறது, அவ்வளவே. எபிதீலியம் இதற்கு நேர் மாறானது. உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று, உடலின் புறத்தையும் குழாய்களின் அகத்தையும் போர்த்துகின்றன. சுரப்பிகளும் அதிலிருந்தே உண்டாகின்றன. அதற்குள் குருதிக்குழாய் இல்லை. கீழே உள்ள இணைப்புத் திசுவிலிருந்து ஊறி வருவதை உண்டு வாழ்கிறது. தேய்வது அதன் தொழில். சிறுகுடலின் உட்போர்வை நான்கைந்து நாட்களில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. ஓயாமல் பிரிந்து பெருகும் இத்திசுவில்தான் பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை தோன்றுகின்றன. அவற்றுக்குக் கார்சினோமா என்றும், இணைப்புத் திசுவிலும் தசையிலும் தோன்றுபவற்றுக்குச் சார்க்கோமா என்றும் மருத்துவர் பெயரிடுவதைக் காண்க. பிஷா சொன்னபடி, நோய் இன்றும் திசுவின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

தசையில் அவர் கண்டவை இரண்டு: நம் விருப்பப்படி இயங்குவது, நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்குவது. இதயத்தையும் குடலையும் இரண்டாவதில் சேர்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் இதயத் தசைக்கு வரிகள் உண்டு, குடல் தசைக்கு இல்லை; ஆகவே இன்று மூன்று என்கிறோம். நரம்புத் திசுவில், செய்தி கடத்தும் நரம்பணுக்களும் அவற்றுக்கு உணவும் காப்பும் தரும் துணையணுக்களும் உள்ளன என்பதை அவர் அறிய வழியே இல்லை. வெறுங்கையால் போகக்கூடிய தொலைவு அவ்வளவுதான். ஆனால் அவரைக் குறை கூறுமுன் எனக்கு என் கதை நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டுச் செய்முறைத் தேர்வில், சாயமிட்டு வைத்த கண்ணாடித் தகட்டை நல்ல நுண்ணோக்கியில் பார்த்து, குடல் தசையை நார்த் திசு என்று எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். இரண்டும் இளஞ்சிவப்பாக, அலை அலையாகத்தான் தெரிந்தன! கொதிக்கவைத்துப் பார்த்திருந்தால் பிஷாவுக்கு இந்த மயக்கம் வந்திராது.

இத்துறைக்கு இன்று வழங்கும் பெயரை அவர் கேட்டதில்லை. 1819இல் மாயர் என்ற ஜெர்மானியர் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிஸ்டாலஜி என்ற பெயரை ஆக்கினார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தறி என்பது ஒரு பொருள்.

முப்பது வயதாகுமுன்பே ஒட்டேல் தியூவில் மருத்துவராக அமர்ந்தார் பிஷா. அடுத்த நூலின் தொகுதிகள் அச்சேறிக் கொண்டிருந்தன. 1802 ஜூலை 8ஆம் நாள், கோடை வெயிலில், ஊறி அழுகிக்கொண்டிருந்த தோலைச் சோதித்துவிட்டு வந்தவர் மருத்துவமனையின் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். காய்ச்சல் கண்டது. இரண்டு வாரம் போராடி, 22ஆம் நாள் உயிர் நீத்தார். தெசோவின் மனைவி உடனிருந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்த அந்த அம்மையாருக்கு இது மகனை இழந்த துயரம். எஞ்சிய தொகுதிகளை மாணவர்கள் முடித்தார்கள். ஆசிரியருக்கு அவர் செய்ததை அவருக்கு அவர்கள் செய்தார்கள். கார்விசார் என்ற மருத்துவர் அப்போது ஆட்சித் தலைவராக இருந்த நெப்போலியனுக்குச் செய்தி எழுத, தெசோ, பிஷா இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டேல் தியூவில் ஒரு நினைவுக்கல் நாட்ட ஆணை பிறந்தது.

அவரைப் புதைத்த சிறு இடுகாடு பின்னர் மூடப்பட்டது. 1845இல் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பேர் லாசேஸ் என்னும் பெரிய இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தோண்டியபோது தலை இல்லை. அவர் இறந்த காலத்தில் மாணவராக இருந்த ரூ என்பவர், அதற்குள் புகழ்பெற்ற அறுவை மருத்துவராகி முதுமை அடைந்திருந்தவர், ஆசிரியரின் மண்டையோட்டை 43 ஆண்டுகளாகத் தம்மிடம் வைத்திருந்தார். அதை அவர் கொண்டுவந்து கொடுக்க, உடலோடு சேர்த்துப் புதைத்தார்கள்.