கல்லூரிப் படிப்பை முடிக்காதவர் 'இந்தியாவின் பறவை மனிதர்' ஆனது எப்படி? சலீம் அலியின் கதை

அடிக்கடி தலைவலி. அதனால் அடிக்கடி லீவு. 1913-ல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். கல்லூரியில் சேர்ந்தும் முதல் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டார். இப்படி ஒரு பையன் வீட்டில் இருந்தால் பெற்றோருக்குத் தூக்கம் வருமா? ஆனால், இந்தப் பையன்தான் பின்னாளில் நாட்டுக்கே பறவைகளை அடையாளம் காட்டிய சலீம் அலி.

யார் இவர்?

1896 நவம்பர் 12-ம் தேதி மும்பையில் பிறந்தார். வீட்டில் 10-வது பிள்ளை, கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பாவையும் மூன்று வயதில் அம்மாவையும் இழந்தார். பிள்ளை இல்லாத தாய்மாமா அமிருதீன் தியாப்ஜியும் அத்தை ஹமிதா பேகமும்தான் அவரை வளர்த்தார்கள்.

திருப்பம் தந்த குருவி

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு ஏர்கன் வாங்கித் தந்திருந்தார். அதை வைத்து சிறுவன் சலீம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. தினமும் பார்க்கும் சிட்டுக்குருவிக்கு இப்படி இருக்காதே! இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை.

இங்கேதான் மாமா ஒரு நல்ல காரியம் செய்தார். சும்மா தொந்தரவு பண்ணாதே என்று விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து, குருவியோடு அனுப்பி வைத்தார். அது 1908-ம் ஆண்டு.

அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று மில்லார்டு சொன்னார். அதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார், புத்தகங்கள் கொடுத்தார், பறவைகளைப் பதப்படுத்தவும் கற்றுக் கொடுத்தார். வகுப்பறையில் ஒட்டாத பையனுக்கு உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது.

பட்டம் இல்லாததால் போன வேலை

அதற்காகப் பாதை சுலபமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரியை விட்டதும் குடும்பத் தொழிலைக் கவனிக்க பர்மா போனார். பிறகு மும்பை திரும்பி விலங்கியல் படித்தார். ஆனாலும், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் வேலை கிடைக்கவில்லை.

1926-ல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். 1928-ல் விடுப்பு எடுத்து ஜெர்மனி போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் திரும்பி வந்தால், நிதி இல்லை என்று அந்தப் பணியிடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை இல்லாத நாட்களில் செய்தது என்ன?

மனைவி தெஹ்மினாவுடன் மும்பைக்கு அருகே உள்ள கிஹிம் என்ற கடலோர கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகளைப் பொறுமையாகக் கவனிக்கத் தொடங்கினார்.

ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் ஜோடி சேரும். அதன் பிறகே கூடு முழுமையாகும். அது முட்டையிட்டதும் ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி, இன்னொரு பெண் குருவியைத் தேடும். உட்கார்ந்து பார்த்ததிலேயே கிடைத்த இந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1941-ல் வெளியான அவரது இந்தியப் பறவைகள் நூல், சாதாரண மக்களையும் பறவை பார்க்க வைத்தது. 1976-ல் பத்ம விபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எனப் பெருமைகள் வந்தன. பட்டம் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகங்களே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. 1987 ஜூன் 20-ல், 90 வயதில் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் உள்ள பறவைகள் ஆய்வு மையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு?

ஏர்கன் எல்லாம் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

* காலை வெயில் ஏறும் முன் 15 நிமிடம் மொட்டைமாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ பிள்ளையோடு உட்காருங்கள்.

* தேதி, நேரம், பறவையின் நிறம், அலகு, அது என்ன செய்தது என்பதைப் பிள்ளையே எழுதட்டும், வரையட்டும்.

* கூட்டைத் தொடாமல், தள்ளி நின்றே பார்க்கப் பழக்குங்கள்.

* பறவையின் பெயர் உங்களுக்கும் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சலீம் அலியின் மாமாவுக்கும் தெரியவில்லை. தெரிந்தவரிடம் அனுப்பி வைத்தார், அவ்வளவுதான்.