நாளையை அஞ்சாத ரமாபாய்

மும்பையிலிருந்து சென்னைக்குப் புறப்படும் இரயில் புனேயைத் தாண்டியதும் கேட்காவ் என்றொரு சிறு நிலையத்தைக் கடக்கிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடக்கிறோம். அவ்வூரில்தான் பண்டித ரமாபாய் அம்மையார் அமைத்த முக்தி இல்லம் இருக்கிறது.

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி, பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கூடாது என்ற ஊர்க் கட்டை மீறி மனைவிக்கும் மகளுக்கும் கற்பித்தவர். குடும்பம் தலம் தலமாக நடந்து, புராணம் படித்துப் பிழைத்தது. சென்னை மாகாணத்தைப் பஞ்சம் பிடித்தபோது கைப்பொருள் தீர்ந்தது. பதினொரு நாட்கள் தண்ணீரும் இலைகளுமே உணவு. தளர்ந்துபோன தந்தை நீரில் மூழ்கி உயிர்விடவும் துணிந்தார்; பிள்ளைகள் தடுத்தனர். ஆயினும் 1874-இல் தந்தையும் தாயும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். பின்னர் தமக்கையும் மறைந்தார். ரமாபாய்க்கு அப்போது வயது பதினாறு.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாடெங்கும் அலைந்து 1878-இல் கல்கத்தா சேர்ந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவர் புலமையை வியந்து ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைச் சூட்டினர். 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு மணந்த கணவரையும் 1882-இல் வாந்திபேதி கொண்டு போயிற்று. கையில் பச்சிளம் மகள் மனோரமா!

இங்கிலாந்து சென்ற அவர் 1883-இல் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். பின்பு அமெரிக்கா சென்று, இந்திய விதவைகளின் துயரை எடுத்துரைத்தார். பாஸ்டன் நகரில் அமைந்த சங்கம் பத்தாண்டுகளுக்கு உதவ முன்வந்தது. 1889 மார்ச் 11-இல், நம் மும்பைச் சௌபாத்தி அருகே சாரதா சதன் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. மாணவியரை மதம் மாற்றுகிறார் என்ற எதிர்ப்பு எழுந்து, 1893-இல் பலர் தம் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டனர்.

பத்தாண்டு முடிந்தபின் என்ன செய்வது? முன்யோசனையோடு கேட்காவில் நிலம் வாங்கிப் பழமரங்கள் நட்டார். மரங்கள் காய்க்குமுன்பே 1896-இல் மத்திய மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. பசியின் முகத்தை நன்கறிந்தவரல்லவா அவர்! நேரில் சென்று சுமார் 300 பெண்களை அழைத்து வந்தார். அத்தனை பேருக்கும் சோறிடப் பணம் ஏது? பாஸ்டன் உதவி சதனத்தின் அளவுக்கே உரியது. அதுவும் முடியும் தறுவாயில் இருந்தது.

பிரிஸ்டலில் ஜெபத்தையே நம்பி ஆயிரக்கணக்கான அநாதைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் வரலாற்றை ரமாபாய் படித்திருந்தார். வானத்துப் பறவைகளுக்கு உணவளிப்பவர் இப்பெண்களை மறப்பாரோ என்ற உறுதி அவருக்கு வந்தது. கணக்குப் பார்த்துக் கதவடைக்கவில்லை; முதலில் கதவைத் திறந்தார். 1900-இல் குஜராத் பஞ்சத்திலும் அப்படியே. இல்லத்தில் இருந்தோர் தொகை 1,500-ஐத் தாண்டிற்று.

ஆனால் நம்பிக்கை என்று சொல்லி அவர் கைகட்டி இருந்தாரா? கிணறு வெட்டுவித்தார், உழவு, நெசவு, தையல், அச்சுத்தொழில் அனைத்தையும் பெண்களுக்குப் பழக்கினார். செய்ய வேண்டியதைச் செய்தார். செய்ய இயலாததை இறைவனிடம் விட்டார். கவலைக்கு அங்கே இடமில்லை.

முதுமையில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, எளியோருக்கும் விளங்கும் மராத்தியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். 1921-இல் அருமை மகளும் மறைந்தார். அந்த அடியிலும் பணியை நிறுத்தாமல் முடித்து, 1922 ஏப்ரல் 5-இல் கண்மூடினார். பின்னர் அந்நூல் முக்தி அச்சகத்திலேயே அச்சாயிற்று.

தேர்வு, வேலை, வாடகை என்று நாளையை எண்ணி இன்றைய உறக்கத்தை இழக்கிறோம், தோழர்களே! ரமாபாயின் கவலைகளோ சிறியவை அல்ல. பசியால் பெற்றோரை இழந்த ஒரு பெண், பசித்து வந்தவருக்கு இடமில்லை என்று சொல்ல மறுத்தார். இறைவனை நம்புவதென்றால் என்னவென்று அறிய, நமக்கு அந்த ஒரு செயல் போதும்.