கோளரங்கத்தில் வந்த கோதை ஞாபகம்



சென்னைச் சுற்றுலாவில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போனோம். 1988-இல் திறந்ததாம். சாய்ந்து உட்கார்ந்ததும் விளக்கை அணைச்சாங்க. அடேங்கப்பா! கவிழ்த்த கூடை மாதிரி இருந்த கூரை முழுக்க நட்சத்திரம்! வெள்ளிக் கோள் சூரியனை விட்டு ரொம்ப தூரம் விலகாது, அதனால் விடியலுக்கு முன் கிழக்கிலோ, மாலையில் மேற்கிலோதான் தெரியும்னு விளக்கினாங்க. உடனே எனக்கு நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் ஞாபகம் வந்துவிட்டது. ஏன் தெரியுமா?

ஆண்டாள் கதை நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஆடிப்பூரத்தன்று துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை. அவர் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள். அப்பா வருந்தி வேறு மாலை கட்ட, பெருமாளோ அவள் சூடியதே வேண்டும் என்று கனவில் கேட்டாராம். கடைசியில் திருவரங்கத்தில் அரங்கனோடு கலந்தாள் என்பார்கள். பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண். திருப்பாவையில் 30, நாச்சியார் திருமொழியில் 143 பாடல்கள் பாடியிருக்கிறாள்.

திருப்பாவை 13-ஆம் பாட்டில், பொழுது விடிந்ததற்கு அடையாளமாக, வெள்ளி உதித்ததையும் வியாழன் மறைந்ததையும் தோழிக்குச் சொல்கிறாள். முதல் பாட்டில் மார்கழிப் பௌர்ணமி வருகிறது. இவற்றை வைத்து அந்த ஆண்டு கி.பி. 731 என்று கணக்கிட்டார் மு. இராகவையங்கார். வேறு ஆண்டு சொல்லும் அறிஞர்களும் உண்டு. எந்த ஆண்டானால் என்ன? கடிகாரம் இல்லாத காலத்தில், வானத்தைப் பார்த்தே பொழுது சொல்லியிருக்கிறாள் நம்ம ஊர்ப் பெண்!

நான் அந்தப் பாட்டை ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியிருக்கேன். ஆனால் மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் அது கேட்கும்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். ஒரு நாள்கூட வானத்தைப் பார்த்ததில்லை. கோளரங்க இருட்டில் வெட்கமாகப் போய்விட்டது.

ஊர் திரும்பியதும், விடியலில் மொட்டைமாடிக்குப் போகட்டுமா என்று பாட்டியிடம் கேட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு இருட்டில் என்ன வேலைன்னு அதட்டினாங்க. கோதையும் பொம்பளப் பிள்ளைதானே பாட்டின்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், தானும் கூட வருவதாகச் சொல்லிட்டாங்க!

எல்லா மார்கழியிலும் வெள்ளி விடியலில் தெரியாது. தெரியாவிட்டால் மாலையில் மேற்கே தேடுங்கள். ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ, அவள் பார்த்த அதே வானம்தான் நமக்கும். போர்வையை விலக்கினால் போதும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி