சென்னையில் உயிர்நீத்த ஆந்திரத் தியாகி பொட்டி சிறீராமுலு

ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த பொட்டி சிறீராமுலு, 1901ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் சென்னையிற் பிறந்தவர். பம்பாயிற் சுகாதாரப் பொறியியல் கற்றுப் புகையிரதப் பகுதியிற் பணிபுரிந்த அன்னார், மனைவியும் குழந்தையும் இறந்தபின் உத்தியோகத்தைத் துறந்து காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமத்தை அடைந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றார். 1946இல் நெல்லூர்க் கோயிலொன்றைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிடக் கோரி நோன்பிருந்து வெற்றி கண்டார். அவர்களின் உயர்வை வலியுறுத்தும் பதாகைகளைத் தாங்கியவராய், கடும் வெயிலிற் செருப்பும் குடையுமின்றித் திரிந்த அவரைப் பித்தரென்று எள்ளியோரும் உளர்.

சென்னை மாகாணத்தைப் பிரிப்பதற்குத் தடையாய் நின்றது சென்னை நகரே. அந் நகர்மீதுள்ள உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டாலன்றி ஆந்திரம் அமையாது என நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகிய மூவர் குழு 1949இல் தெரிவித்தது. ஆந்திரத் தலைவர்கள் பலர் அதற்கு இசையவில்லை. இந்த இழுபறிக்கிடையே, 1952 அக்டோபர் 19ஆம் நாள், மயிலாப்பூரிலிருந்த புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்திற் சிறீராமுலு நோன்பைத் தொடங்கினார். டில்லி அசையவில்லை. 58ஆம் நாளாகிய டிசம்பர் 15 இரவு அன்னாரது உயிர் பிரிந்தது. ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. நான்கே நாட்களில் தனி மாநிலத்துக்கு நேரு இணங்கினார். அவ்விணக்கம் சற்று முந்தியிருப்பின் ஓர் உயிர் எஞ்சியிருக்கும்.

தலைநகர் எது என்ற வினாவோ தீரவில்லை. தற்காலிகமாகவேனும் அது சென்னையில் இருக்கட்டும் என்ற யோசனை எழுந்தது. முதலமைச்சர் இராஜாஜி அதை உறுதியாக எதிர்த்தார், ம.பொ.சிவஞானம் தலைநகர் காக்கும் கிளர்ச்சியை முன்னின்று நடத்தினார். தமிழர் பக்கம் நின்று நோக்கும் நாம் அவ்வெதிர்ப்பை நியாயமென்றே கொள்வோம். அதனால் சிறீராமுலுவின் தியாகம் சிறுத்துவிடாது. ஈற்றில், ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையுமென மத்திய அரசு முடிவுசெய்தது.

1953ஆம் ஆண்டின் ஆந்திர மாநிலச் சட்டப்படி, 11 மாவட்டங்களும் பெல்லாரியின் மூன்று தாலுகாக்களும் சேர்ந்து அக்டோபர் 1இல் புதிய மாநிலம் பிறந்தது. கர்னூல் தலைநகராயிற்று. கட்டடங்கள் போதாமையாற் கூடாரங்களிலும் அலுவலகங்கள் இயங்கின. உயர்நீதிமன்றம் குண்டூருக்குச் சென்றது. இராயலசீமையும் கரையோரமும் இவற்றைப் பங்கிட்டுக்கொள்வதென 1937இலேயே உடன்பாடு இருந்தது. நாம் வாழும் விட்பியும், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யோர்க்கிலிருந்து ஒன்ராறியோ கவுண்டி பிரிந்தபோது, அதன் தலைமை நகராகி நீதிமன்றம் பெற்ற ஊரே.

கர்னூலின் தலைமை மூன்றாண்டே நிலைத்தது. 1956 நவம்பர் 1இல் ஐதராபாத் தலைநகரானது. 2014இல் தெலங்கானா பிரிந்தபோது, பத்தாண்டுகளுக்கு மேற்படாமல் ஐதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுவாயிருக்கச் சட்டம் இடமளித்தது. அக்காலம் 2024 ஜூன் 2இல் முடிவுற்றது. நெல்லூர் மாவட்டம் 2008இல் சிறீராமுலுவின் பெயரைப் பெற்றது. அன்னார் உயிர்நீத்த இல்லம் அவரது நினைவிடமாகச் சென்னையிலேயே உள்ளது.